முதிர்ந்த காடும் வெட்டுமரமும்: அமெரிக்கப் பொதுக் காடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் அரசுக்குச் சொந்தமான காடுகளில் வயதேறிய மரங்களை வெட்டலாமா கூடாதா என்ற வழக்கு நாற்பது ஆண்டுகளாகியும் ஓய்ந்தபாடில்லை. வீடு கட்ட மரம் வேண்டும். 400 வயது மரத்தைச் சாய்த்துவிட்டால் பேரன் பேத்தி காலத்திலும் அது திரும்பி வராது. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில்தான் எல்லாச் சண்டையும். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதிய மரம் நிற்கட்டும், இளமரத்தை வைத்துத் தொழில் நடக்கட்டும். இது எங்கெல்லாம் சிக்கலாகிறது என்பதைத்தான் கீழே அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதிர்ந்த காடு, பழங்காடு, இரண்டும் ஒன்றா?

இல்லை. முதிர்ந்த காடு என்பது பழங்காட்டுக்கு முந்தைய படி. மரங்கள் உயர்ந்து பருத்துவிட்டன, ஆனால் காடு இன்னும் தன் முழு அமைப்புக்கு வந்து சேரவில்லை. பழங்காட்டில் நான்கு விஷயங்கள் சேர்ந்திருக்கும்: மிகப் பெரிய மரங்கள், பல உயரங்களில் அடுக்கடுக்காக இலைத்தொகுதி, நின்ற நிலையிலேயே பட்டுப்போன மரங்கள், தரையில் கிடந்து மட்கும் பெருங்கட்டைகள். வயதை மட்டும் வைத்து அளந்தால் தவறிப் போகும். பசிபிக் கரையோரத்தில், டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரத்தின் காடு இந்த நிலைக்கு வர ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகும். ஆயுள் குறைந்த மர இனங்களின் காடு அதில் பாதிக் காலத்திலேயே முதுமை அடைந்துவிடும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், பழங்காட்டை வெட்டக் கூடாது என்பதற்கு இன்று ஓரளவு ஒப்புதல் இருக்கிறது. சண்டையெல்லாம் முதிர்ந்த காட்டைப் பற்றித்தான். நாளைய பழங்காடு அதிலிருந்துதான் வர வேண்டும். நல்ல பலகை தரும் மரமும் அதில்தான் நிற்கிறது.

எவ்வளவு மீதி இருக்கிறது?

அமெரிக்க வனத்துறையும் நில மேலாண்மைத் துறையும் சேர்ந்து 2023 ஏப்ரலில் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டன. அந்த இரு துறைகளின் கையில் உள்ள சுமார் 17.8 கோடி ஏக்கர் காட்டு நிலத்தில், பழங்காடு சுமார் 3.2 கோடி ஏக்கர், முதிர்ந்த காடு சுமார் 8 கோடி ஏக்கர் என்று அது சொன்னது. கேட்கும்போது நிறைய இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் இந்தக் கணக்கில் மேற்குப் பகுதியின் வறண்ட நிலத்தில் வளரும் குட்டையான பின்யான், ஜூனிபர் மரக்காடுகளும் பெரிய அளவில் அடக்கம். வானளாவிய மரங்கள் மட்டுமே என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

தேசிய வனமும் தேசியப் பூங்காவும் ஒன்றுதானே? அங்கே எப்படி மரம் வெட்டுகிறார்கள்?

இரண்டும் வேறு வேறு. தேசியப் பூங்கா உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. அங்கே வணிகத்துக்காக மரம் வெட்ட முடியாது. தேசிய வனம் வேளாண் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. மரத்தை ஒரு விளைச்சலாகப் பார்க்கும் பார்வை அங்கே தொடக்கத்திலிருந்தே உண்டு. 1897ஆம் ஆண்டுச் சட்டம், காட்டைக் காப்பது, ஆற்று நீர் வரத்தைக் காப்பது, நாட்டுக்குத் தொடர்ந்து மரம் கிடைக்கச் செய்வது என்று மூன்று நோக்கங்களையும் ஒரே மூச்சில் சொல்லியது. 1905இல் வனத்துறை உருவானபோது அதன் முதல் தலைவரான கிஃபர்ட் பின்ஷோவும் காட்டை அறிவோடு பயன்படுத்த வேண்டும் என்றவர்தான். 1960ஆம் ஆண்டுச் சட்டம் நீர், மேய்ச்சல், காட்டுயிர், பொழுதுபோக்கு, மரம் எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கச் சொன்னது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு வனத்துக்கும் ஒரு மேலாண்மைத் திட்டம் வேண்டும் என்றது. ஆகவே தேசிய வனத்தில் மரம் வெட்டுவது சட்டப்படி குற்றமில்லை. எந்த மரம், எங்கே, எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ஒரு கிழமரம் போனால் பத்துக் கன்று நடலாமே?

நடலாம். ஆனால் அந்தக் கன்றுகளால் கிழமரத்தின் வேலையைச் செய்ய முடியாது. எப்படி என்று கொஞ்சம் அருகே போய்ப் பார்ப்போம்.

ஒரேகானின் கடலோர மலையில் நிற்கும் 500 வயது டக்ளஸ் ஃபர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமரப் பட்டை ஒரு சாண் ஆழத்துக்குப் பிளவுபட்டிருக்கும். மேலே, ஆள் படுத்துறங்கும் அகலக் கிளைகளில் பாசி மெத்தைபோலப் படிந்திருக்கும். மார்பிள்ட் மர்ரலெட் என்ற கடற்பறவை பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு, பல மைல் உள்நாட்டுக்குப் பறந்து வந்து அந்தப் பாசி மெத்தையில் ஒரே ஒரு முட்டை இடும். கூடுகூடக் கட்டாது. இந்தப் பறவை எங்கே முட்டையிடுகிறது என்பதே பறவையியலாளர்களுக்கு நெடுங்காலம் புதிராக இருந்தது. 1974இல் கலிஃபோர்னியாவில் ஒரு பழைய மரத்தின் உச்சிக் கிளையில்தான் அதன் கூட்டிடம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. நாற்பது வயது மரத்தில் அப்படியொரு கிளையே இருக்காது.

அதே கிளைகளில் லொபேரியா என்ற கீரை இலைபோன்ற பாசிக்காளான் வளரும். அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துவைக்கும். காற்றில் அறுந்து விழும் அதன் துண்டுகள் தரைக்கு உரம். மரம் நூறாண்டு தாண்டிய பிறகுதான் அது அங்கே நிறைய வளரத் தொடங்குகிறது.

சரி, மரம் செத்து விழுந்தால்? அதன் பிறகும் வேலை முடிவதில்லை. ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தின் விதைகள் நெருக்கமான காட்டுத் தரையில் முளைத்துப் பிழைப்பது கடினம். விழுந்து மட்கும் கட்டையின் முதுகில் விழுந்தால் முளைத்துவிடும். அப்படிப்பட்ட கட்டையைச் செவிலிக் கட்டை என்று சொல்லலாம். நூறு ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால், கோடு போட்டு நட்டதுபோல மரங்கள் ஒரே வரிசையில் நிற்கும். அவற்றின் வேர்கள் காலை அகட்டி நிற்பதுபோல வளைந்திருக்கும். நடுவில் இருந்த கட்டை கரைந்து போயிருக்கும். ஒரேகானில் எச். ஜே. ஆண்ட்ரூஸ் ஆய்வுக்காட்டில் 1985இல் 500க்கும் மேற்பட்ட கட்டைகளைக் காட்டுக்குள் கிடத்தி, அவை எப்படி மட்குகின்றன என்று பார்க்கும் ஆய்வைத் தொடங்கினார்கள். திட்டமிட்ட காலம் 200 ஆண்டுகள். தொடங்கியவர் எவரும் முடிவைப் பார்க்கப் போவதில்லை. இந்தக் காட்டின் கணக்கே அவ்வளவு மெதுவானது.

ஆந்தைச் சண்டை என்கிறார்களே, அது என்ன?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடு கட்டும் வேகம் கூடியது. தனியார் நிலத்தில் பெரிய மரங்கள் தீர்ந்துபோக, ஆலைகள் தேசிய வனங்களின் பக்கம் திரும்பின. 1980களின் பிற்பாதியில் தேசிய வனங்களிலிருந்து ஆண்டுக்கு 1,200 கோடி பலகை அடிக்கு மேல் மரம் வெளியேறியது. (ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலக் கனம், இதுதான் ஒரு பலகை அடி.) மலைச்சரிவுகளில் ஒரு மரமும் மிச்சமில்லாமல் மொட்டையடித்த சதுரங்கள் தெரிய ஆரம்பித்தன.

அந்தச் சதுரங்களுக்கு நடுவே அகப்பட்டது வடக்குப் புள்ளி ஆந்தை. அதன் முக்கிய இரை பறக்கும் அணில். அந்த அணில் மண்ணுக்குள் விளையும் காளான் கிழங்குகளைத் தோண்டித் தின்னும். அந்தக் காளான்கள் மரவேரோடு ஒட்டி வாழ்பவை. ஆந்தையின் பிழைப்பு இப்படிச் சுற்றி வளைத்து மரத்தின் வேரில் போய் முடிகிறது. ஒரு ஜோடிக்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் காடு தேவை.

1990 ஜூனில் அந்த ஆந்தை, அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. 1991இல் சியாட்டில் கூட்டாட்சி நீதிபதி வில்லியம் டுவையர், வனத்துறை தன் சட்டக் கடமையைச் செய்யவில்லை என்று கூறி, ஆந்தை வாழும் தேசிய வனங்களில் மர விற்பனையை நிறுத்திவைத்தார். ஊரே இரண்டு பட்டது. 1993 ஏப்ரலில் கிளின்டன் போர்ட்லாண்டுக்கு வந்து மரவெட்டிகள், விஞ்ஞானிகள், மீனவர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1994ஆம் ஆண்டின் வடமேற்கு வனத் திட்டம். வாஷிங்டன், ஒரேகான், வட கலிஃபோர்னியா ஆகிய மூன்று மாநிலங்களில் சுமார் 2.4 கோடி ஏக்கருக்கான திட்டம் அது. பழைய காட்டின் பெரும்பகுதியை ஒதுக்கக் காடாக வைத்துவிட்டு, மற்ற இடங்களில் வெட்டலாம் என்றது. ஆற்றோரங்களில் அகலமான காப்புப் பட்டைகளையும் ஒதுக்கியது. சால்மன் மீனுக்கு அது பெரிய உதவி.

அந்த ஆந்தைதான் மரத்தொழிலாளர் சோற்றில் மண்ணைப் போட்டதா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1990க்கு முன்பே ஆலைகள் இயந்திரமயமாகி, ஒரே அளவு பலகையைக் குறைந்த ஆட்களைக்கொண்டு அறுக்கத் தொடங்கியிருந்தன. தனியார் நிலத்திலிருந்து அறுக்காத உருட்டுக் கட்டைகள் கப்பலேறிப் போயின. அவற்றோடு அறுவை வேலையும் போனது. இதற்கு மேல் பொதுக் காட்டின் மர விற்பனையும் சடாரென்று விழுந்தபோது, அந்த ஒரு தொழிலையே நம்பியிருந்த சிற்றூர்கள் நிலைகுலைந்தன. தேசிய வனங்களின் வெட்டு உச்சத்தில் ஆறில் ஒரு பங்காக, ஆண்டுக்குச் சுமார் 200 கோடி பலகை அடிக்குச் சுருங்கியது. வடமேற்குத் திட்டமே ஆண்டுக்கு 110 கோடி பலகை அடி கிடைக்கும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தது. அதுவும் பெரும்பாலும் கைக்கு வரவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டுக் கைவிட்டார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காட்டை நேசிப்பவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் போனால், அடுத்த சுற்றுச் சண்டையிலும் அந்த மக்கள் எதிர்ப்பக்கம்தான் நிற்பார்கள்.

ஆந்தைக்கும் விடிவு வரவில்லை. கிழக்கிலிருந்து பரவிவந்த வரி ஆந்தை, உருவத்தில் பெரியது, எதையும் தின்பது. புள்ளி ஆந்தையை அதன் இடத்திலிருந்து விரட்டிக்கொண்டிருக்கிறது. காட்டைக் காத்தது தவறு என்று இதற்குப் பொருளில்லை. இருக்கிற காடும் இல்லாமல் போயிருந்தால் இரண்டு ஆந்தைகளும் மோதிக்கொள்ளக்கூட இடம் இருந்திருக்காது.

பொதுக் காட்டு மரம் இல்லாவிட்டால் நாட்டுக்கு மரப் பஞ்சம் வராதா?

அமெரிக்காவில் வெட்டும் மரத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் தனியார் நிலத்திலிருந்து வருகிறது. தெற்கு மாநிலங்களில் லோப்லாலி பைன் 25, 30 ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடுகிறது. வடமேற்கின் தனியார் தோட்டங்களில் டக்ளஸ் ஃபர் 40, 50 ஆண்டில். நாட்டின் வீடுகள் இந்த மரத்தால்தான் எழுகின்றன. பொதுக் காட்டின் பழைய மரத்தை நிறுத்தினால் நாடு தழுவிய விலையில் பெரிய அசைவு இருக்காது.

ஆனால் ஒரு மலைப்பள்ளத்தாக்கில், நாலாபக்கமும் தேசிய வனமே சூழ்ந்திருக்கும் ஊரின் ஒரே ஆலைக்கு இந்தக் கணக்கால் பயனில்லை. லூசியானாவின் பைனை மான்டானாவுக்கு ஏற்றிவந்து அறுக்க முடியாது. தேவை எவ்வளவு என்று கேட்கும்போதெல்லாம் யாருக்கு, எங்கே என்றும் சேர்த்துக் கேட்பதுதான் சரி.

பழைய மரத்தால் மட்டுமே ஆகும் வேலை எதுவும் இல்லையா?

உண்டு, கொஞ்சம். நெருக்கமான ஆண்டு வளையம் கொண்ட சிட்கா ஸ்புரூஸ் பலகைதான் கிட்டார், பியானோ ஆகியவற்றின் ஒலிப்பலகைக்கு ஏற்றது. வடமேற்குக் கரையின் பழங்குடி மக்கள் குலக்கம்பமும் படகும் செதுக்கப் பெரிய செஞ்சீடர் மரம் வேண்டும். அந்த மரம் அவர்களுக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். இவையெல்லாம் எண்ணி எடுக்கும் மரங்கள். ஆலைக்கு லாரி லாரியாகப் போகும் மரத்தோடு இவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

யாரும் தொடாமல் விட்டுவிட்டால் காடு தன்னைத்தானே காத்துக்கொள்ளாதா?

எந்தக் காடு என்பதைப் பொறுத்தது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் நிதானமாகப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

வடமேற்கில் கடலோரமாகவும் காஸ்கேட் மலைத்தொடரின் மேற்குச் சரிவிலும் உள்ள ஈரக்காடு பெருந்தீயை நூற்றுக்கணக்கான ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பார்க்கும். அங்கே பழங்காட்டைத் தொடாமல் விடுவதே நல்லது. உள்ளே புகுந்து மரம் கழிப்பதால் காடு வெயில்பட்டு உலர்ந்துபோகவும் வாய்ப்புண்டு.

உள்நாட்டின் வறண்ட காட்டின் கதை வேறு. அங்கே ராஜா பாண்டரோசா பைன். முதிர்ந்த மரத்தின் பட்டை ஆரஞ்சு நிறத்தில், அடுக்கிவைத்த சில்லுகள்போல இருக்கும். வெயிலில் மூக்கை வைத்து முகர்ந்தால் வெனிலா வாசம் வரும். அந்தப் பட்டை ஒரு கவசம். முன்பெல்லாம் அங்கே ஐந்து, பத்து, இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு சின்னத் தீ ஓடும். புல்லும் சருகும் கன்றுகளும் எரியும், பெரிய மரம் நிற்கும். பழங்குடி மக்களும் வேண்டுமென்றே அப்படித் தீ வைத்துக் காட்டைத் திறந்த காடாக வைத்திருந்தார்கள். அடியில் வண்டி ஓட்டிப் போகும் அளவுக்கு மரங்கள் விலகி நின்றன.

1910 ஆகஸ்டில் ஐடஹோ, மான்டானா பகுதிகளில் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. அந்த அதிர்ச்சியில் வனத்துறை எல்லாத் தீயையும் எதிரியாகப் பார்க்கத் தொடங்கியது. 1935இல் ஒரு விதி வந்தது: எந்தத் தீயாக இருந்தாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் கட்டுப்பாட்டுக்குள் வர வேண்டும். நல்ல எண்ணத்தில் செய்த வேலைதான். விளைவு என்ன ஆனது? சின்னத் தீ நின்றது. தின்னத் தீயில்லாமல் கன்றுகள் பெருகி, இடைவெளியெல்லாம் அடைத்துக்கொண்டு வளர்ந்தன. இப்போது தீ பிடித்தால் அந்த இளமரங்கள் ஏணியாகி, நெருப்பை 300 வயது பைனின் தலைக்கே ஏற்றிவிடுகின்றன. முன்பு தீக்கு அசையாத மரம் இப்போது செத்துப்போகிறது.

2020இல் கலிஃபோர்னியாவில் ‘காசில்’ என்று பெயரிட்ட காட்டுத்தீ, உலகில் உள்ள பெரிய ராட்சத செக்குவோயாக்களில் 10 முதல் 14 சதவீதத்தை ஒரே பருவத்தில் கொன்றது என்று கணக்கிட்டார்கள். ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகளாக எத்தனையோ தீயைத் தாங்கிய மரங்கள். மறு ஆண்டு இன்னொரு தீ நெருங்கியபோது ஜெனரல் ஷெர்மன் என்ற புகழ்பெற்ற செக்குவோயாவின் அடிப்பாகத்தை அலுமினியத் தாளால் சுற்றிப் பாதுகாத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. 2022இல் மாரிபோசா என்ற செக்குவோயாத் தோப்புக்குள் தீ வந்தபோது மரங்கள் பிழைத்தன. பல ஆண்டுகளாக அங்கே திட்டமிட்டுச் சிறு தீ வைத்துத் தரையைச் சுத்தமாக வைத்திருந்தது அதற்கு முக்கியக் காரணம்.

அரசின் ஆபத்து மதிப்பீடும் இதையே காட்டுகிறது. 2000க்குப் பிறகு இரு துறைகளின் நிலத்திலும் தீயால் குறைந்த பழங்காடு சுமார் 7 லட்சம் ஏக்கர். மரம் வெட்டியதால் குறைந்தது சுமார் 9,000 ஏக்கர். வெட்டுக்காரர்கள் இந்த எண்ணை எடுத்துக்கொண்டு ஆபத்து எங்களால் இல்லை என்பார்கள். வெட்டு அவ்வளவு குறைந்ததே முப்பது ஆண்டு வழக்குகளாலும் விதிகளாலும்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன்.

அப்படியானால் வறண்ட காட்டில் மரங்களைக் கழிக்கலாம் என்கிறீர்களா?

ஆம். நெருக்கமாக முளைத்த பயிரைக் கலைப்பதுபோல, இடையில் புகுந்த இளமரங்களைக் கலைத்துவிட்டு, அப்புறம் திட்டமிட்டுத் தீ வைக்க வேண்டும். கலைத்ததோடு நிறுத்திவிட்டால் பாதி வேலைதான்; தரையில் கிடக்கும் தழையும் மிலாறும் அப்படியே எரிபொருளாகக் கிடக்கும்.

கலைக்கிறோம் என்ற பெயரில் பெரிய மரத்தையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்களே?

இந்தப் பயம் நியாயமானது. இளமரத்தை விற்றால் லாரிக் கூலிகூடத் தேறாது. பெரிய மரம் பத்தைச் சேர்த்தால்தான் ஒப்பந்தக்காரருக்குக் கட்டுப்படியாகும். அந்தத் தூண்டுதல் எப்போதும் இருக்கும்.

அதனால்தான் 1990களின் நடுவில் கிழக்கு ஒரேகான், கிழக்கு வாஷிங்டன் தேசிய வனங்களில் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: 21 அங்குலமோ அதற்கு மேலோ விட்டமுள்ள உயிர்மரத்தைத் தொடக் கூடாது. மரத்தில் நாடாவைச் சுற்றினால் போதும், வாதமே முடிந்தது. 2021 தொடக்கத்தில் அதைத் தளர்த்தினார்கள். வழக்குக்குப் பிறகு 2024இல் நீதிமன்றம் அந்தத் தளர்வை ரத்து செய்தது.

தளர்த்தியவர்கள் சொன்ன காரணத்தையும் கேட்க வேண்டும். தீ இல்லாத நூறு ஆண்டில் வேகமாக வளர்ந்த கிராண்ட் ஃபர் என்ற மரம் சில இடங்களில் 21 அங்குலத்தைத் தாண்டிவிட்டது. அது பக்கத்தில் நிற்கும் 300 வயது பைனின் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. உண்மைதான். விட்டத்தைவிட வயதைப் பார்ப்பது இன்னும் துல்லியம். ஆனால் காட்டில் ஒவ்வொரு மரத்தின் வயதையும் துளைபோட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எளிய விதி சில இடங்களில் தவறும். நுணுக்கமான விதியை வளைப்பது சுலபம். அவநம்பிக்கை இவ்வளவு ஆழமாக இருக்கும்போது, அளந்து பார்க்கக்கூடிய விதியைக் கைவிட்டிருக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

கலைத்த இளமரத்தை யார் வாங்குவார்கள்?

எல்லோரும் ஒப்புக்கொள்ளும் திட்டங்கள்கூட இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அரிசோனாவில் நான்கு தேசிய வனங்களைச் சேர்த்து 24 லட்சம் ஏக்கரைச் சீரமைக்கும் திட்டம் ஒன்று. சூழலியலாளர்கள், ஆலைக்காரர்கள், உள்ளூராட்சிகள் எல்லோரும் பல ஆண்டுகள் பேசி ஒருமித்து வந்தார்கள். பெரிய மரத்தை விட்டுவிடலாம், சின்ன மரத்தை எடுக்கலாம் என்பதிலும் இணக்கம். அப்புறமும் வேலை ஊர்ந்துதான் நகர்ந்தது. காரணம், கையளவு தடிமனான கம்பும் தழையும் மலைபோலக் குவிகின்றன. பலகையாகாது, காகித ஆலை அருகில் இல்லை, தொலைதூரம் ஏற்றிப்போகக் கட்டுப்படியாகாது. இரண்டாம் கட்டப் பெரிய ஒப்பந்தத்துக்கான அழைப்பையே 2021இல் வனத்துறை ரத்து செய்தது.

இளமரத்தைக் கையாளும் ஆலை வேண்டுமென்றால், போட்ட முதல் திரும்ப இருபது ஆண்டாவது மரம் வரும் என்ற உறுதி வேண்டும். குறுக்கும் நெடுக்குமாகப் பலகைகளை ஒட்டிச் செய்யும் கட்டுமானப் பலகங்கள் சிறு மரத்துக்கு ஒரு சந்தையைத் திறந்திருக்கின்றன. ஆனாலும் மிலாறுக்கு வழியில்லை. அதை அப்புறப்படுத்தும் செலவை, தீயணைக்கும் செலவைப்போலவே அரசு ஏற்க வேண்டும். மரம் விற்ற காசிலேயே சீரமைப்பு நடக்க வேண்டும் என்று அடம் பிடித்தால், கடைசியில் பெரிய மரத்தில்தான் கை வைப்பார்கள்.

இளமரம் வேகமாக வளர்கிறதே, கார்பனுக்கு அதுதானே நல்லது?

வேகமாக உறிஞ்சுவது வேறு, சேர்த்து வைத்திருப்பது வேறு. பழங்காடு பல நூற்றாண்டுக் கார்பனை மரத்திலும் மட்கும் கட்டையிலும் மண்ணிலும் வைத்திருக்கிறது. அதை வெட்டினால் ஒரு பகுதிதான் பலகையாகி வீட்டில் தங்கும். மீதி தழை, பட்டை, மரத்தூள், காகிதம் என்று சில ஆண்டுகளிலேயே காற்றில் கலக்கும். மார்க் ஹார்மன், வில்லியம் ஃபெரெல், ஜெரி ஃபிராங்க்ளின் மூவரும் 1990இலேயே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள்: பழங்காட்டை இளங்காடாக மாற்றுவதால் காற்றிலுள்ள கார்பன் குறையாது, கூடும்.

இந்த வயதுக்கு மேல் வெட்டக் கூடாது என்று ஓர் எண்ணை வைத்துவிடலாமே?

வடமேற்குத் திட்டத்தில் அப்படி ஓர் எண் உண்டு. மேற்குச் சரிவின் ஒதுக்கக் காடுகளில் 80 வயதுக்குக் கீழ்ப்பட்ட இளங்காட்டில் மட்டும் கலைக்கலாம். நாடு முழுவதற்கும் ஒரே எண் பொருந்தாது. காட்டு வகைக்கு ஓர் எண் பொருந்தும்.

சாகப்போகும் மரம், எரிந்த மரம், இவற்றையாவது வெட்டலாமா?

சாலையோரத்திலும் வீடுகளுக்கு அருகிலும் ஆபத்தாக நிற்பதை வெட்டத்தான் வேண்டும். காட்டுக்குள் இருப்பதை விட்டுவிடலாம். கரிந்து நிற்கும் மரத்தில்தான் மரங்கொத்தி பொந்து குடையும். புதிதாக முளைக்கும் கன்றுக்கு அதுவே நிழல்.

மரம் விற்ற காசில்தான் பள்ளிக்கூடம் நடக்கிறது என்கிறார்களே?

தேசிய வனத்துக்கு உள்ளூராட்சி வரி போட முடியாது. அதற்கு ஈடாக, வருவாயில் கால் பங்கை உள்ளூர்ப் பள்ளிக்கும் சாலைக்கும் கொடுக்க 1908இல் சட்டம் வந்தது. மேற்கு ஒரேகானில் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழுள்ள 20 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். வெட்டு விழுந்ததும் வகுப்பறைக்குப் போன காசும் விழுந்தது. 2000இல் அதை ஈடுகட்ட ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஆனால் காலாவதியாவதும் மறுபடி புதுப்பிப்பதுமாக அது இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு குழந்தையின் படிப்பையும் ஒரு மரத்தின் ஆயுளையும் ஒரே தராசில் கட்டிவைத்ததுதான் அடிப்படைப் பிழை. அந்தக் காசு நிலையான மானியமாக, மரக் கணக்கோடு தொடர்பில்லாமல் வர வேண்டும். இதைச் செய்யாமல் எந்தக் காட்டுப் பாதுகாப்பும் அந்த ஊர்களில் வேரூன்றாது.

2022இல் பழங்காட்டைக் காக்க ஆணை வந்ததே, என்ன ஆயிற்று?

பைடன் 2022 ஏப்ரல் 22 அன்று சியாட்டிலில் கையெழுத்திட்ட ஆணைதான் மேலே சொன்ன கணக்கெடுப்புக்கு வழிவகுத்தது. 2023 டிசம்பரில் வனத்துறை 128 வன மேலாண்மைத் திட்டங்களையும் ஒரே திருத்தத்தில் மாற்றிப் பழங்காட்டைக் காக்க முன்மொழிந்தது. முதிர்ந்த காடு இதில் போதுமான அளவு இல்லை என்று ஒரு பக்கம் குறை சொன்னது. கைகள் கட்டப்படுகின்றன என்று மறுபக்கம். 2025 ஜனவரியில், ஆட்சி மாறுவதற்கு முன்பே, வனத்துறை அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகு?

காற்று திசை மாறிவிட்டது. 2025 மார்ச் 1 அன்று மர உற்பத்தியை உடனே பெருக்கச் சொல்லி டிரம்ப் ஆணையிட்டார். ஏப்ரலில் வேளாண் அமைச்சர் தேசிய வனங்களின் 11.26 கோடி ஏக்கரில் அவசரநிலை அறிவித்தார். மொத்தப் பரப்பில் அது பாதிக்கு மேல். ஜூலையில் நிறைவேறிய வரி, செலவுச் சட்டம் 2034 வரை ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டைவிட 25 கோடி பலகை அடி கூடுதலாக விற்கச் சொல்கிறது. 2001 முதல் சாலை போடாமல் காத்துவந்த 5.85 கோடி ஏக்கருக்கான விதியை நீக்கப்போவதாகவும் அறிவித்தார்கள்.

தீத்தடுப்புக்காகக் கலைக்கும் வேலை வேகமெடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. இலக்கைப் பலகை அடியில் வைத்ததுதான் கவலை. எத்தனை ஏக்கர் பாதுகாப்பானது என்று அளந்தால், வனச்சரகர் இளமரத்தைத் தேடிப்போவார். எத்தனை பலகை அடி விற்றது என்று அளந்தால், அவர் கண் பெரிய மரத்தின் மேல்தான் விழும். ஒரு பெரிய டக்ளஸ் ஃபரில் கிடைக்கும் பலகையை இளமரத்தில் எடுக்க நூற்றுக்கணக்கில் வெட்ட வேண்டும்.

அங்கே வாழும் ஒருவர் இதில் என்ன செய்ய முடியும்?

நிறைய. ஒவ்வொரு தேசிய வனமும் வரவிருக்கும் திட்டங்களின் பட்டியலை வெளியிடுகிறது. உங்களுக்கு அருகிலுள்ள வனத்தின் பட்டியலைப் பாருங்கள். கருத்துக் கேட்கும் கெடு பல நேரங்களில் 30 நாளோ அதற்கும் குறைவோதான். தவறவிட்டால் பின்னால் ஆட்சேபிக்கும் உரிமையும் பெரும்பாலும் போய்விடும். குடியுரிமை இல்லாதவரும் கருத்து அனுப்பலாம்.

"மரத்தை வெட்டாதீர்கள்" என்று ஒரு வரி எழுதினால் அது எண்ணிக்கையில் மட்டும் சேரும். நேரில் போய்ப் பாருங்கள். விற்பனைக்குக் குறித்த இடத்தில் மரங்களில் வண்ணம் பூசியிருப்பார்கள். எந்த நிறம் வெட்ட, எந்த நிறம் விட என்று சரக அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். ஒரு துணி நாடாவை எடுத்துப்போங்கள். மார்பு உயரத்தில், தரையிலிருந்து நாலரை அடி மேலே, மரத்தைச் சுற்றி அளந்து 3.14ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். திட்டத்தில் சொன்ன அளவைவிடப் பெரிய மரத்தில் வெட்டு நிறம் இருந்தால், இடத்தையும் அளவையும் குறித்து, படமெடுத்து, திட்டத்தின் பெயரோடு எழுதி அனுப்புங்கள். அப்படி எழுதிய கடிதத்தை அவர்கள் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.